சீனாவுக்குப் போகிறவர்கள் ஒரு வேளையாவது அங்கே சாப்பிடுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

2020-ல் நின்றுபோன இந்திய – சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடியும் பறக்க ஆரம்பித்தன. ஆரம்பித்தாலும் ஆரம்பித்தன, நம் ஆட்களில் நாலைந்து குடும்பங்கள் சீனச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷம். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்று கேட்டார். பதில்கள் வந்து குவிந்தன. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, சின்ன எலக்ட்ரிக் குக்கர். அதுவரை சரி. அதற்குப் பிறகு பாம்பு, பல்லி, கரப்பான்பூச்சி என்று ஜோக்குகள். அவற்றுக்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். குழுவில் ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனப் பெருஞ்சுவரைப் பார்க்காமல் வந்தால்கூடப் பரவாயில்லை, படத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் உட்காருகிற சாதாரணக் கடையில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுகிற ஜியாவ்சு ஒரு தட்டு சாப்பிடாமல் வந்தீர்கள் என்றால், நீங்கள் சீனாவுக்குப் போகவில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே சீனா போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். 2018-ல் நானும் உங்கள் டீச்சரம்மாவும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். பெய்ஜிங், சியான், ஷாங்காய், ஒன்பது நாள். "மூன்று வேளையும் இந்திய உணவு" என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். சொன்ன சொல் தவறவில்லை. ஒன்பது நாளும் ஒரே பன்னீர், ஒரே பருப்பு, ஒரே சீரகச் சாதம். சாப்பாட்டுக்காக ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜியாவ்சுக் கடைகளைத் தாண்டினோம் என்பதை எண்ணிக்கொண்டே வந்தேன். சியானில் ஒரு சாயங்காலம் வழிகாட்டிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு நாங்கள் நாலு பேர் குழுவை விட்டுக் கழன்றுகொண்டோம்.

ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சந்து. எட்டு மேஜை உள்ள கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்று பெண்கள். ஒருவர் கோதுமை மாவை நீளமாக உருட்டி, துண்டு துண்டாகக் கிள்ளி, சின்ன உருளைக்கட்டையால் தேய்க்கிறார். வலது கை கட்டையை உருட்ட, இடது கை வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுவில் தடிமன், ஓரம் மெல்லிசு. பூரணத்தின் கனத்தில் அடி கிழியக் கூடாது, ஓரம் மடிக்கும்போது கனமாகவும் இருக்கக் கூடாது, அதற்காக அந்தத் தேய்ப்பு. மற்ற இருவர் பூரணம் வைத்து, மடித்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே அழுத்து. பிறைச்சந்திரன் மாதிரி ஒன்று தட்டில் விழுகிறது. பேச்சு நிற்கவில்லை, சிரிப்பு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், ஜியாவ்சு என்பது ஒரு பண்டம் மட்டும் இல்லை, அது ஒரு கூட்டு வேலை. வட சீனாவில் சீனப் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி வீடு முழுக்க உட்கார்ந்து இதைச் செய்வார்கள். வேலைக்காக ஆயிரம் மைலுக்கு அப்பால் போன பிள்ளை ரயில் பிடித்து வந்து சேருவது இந்த மாவுப் பலகைக்குத்தான். பழைய கணக்கில் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் உள்ள நள்ளிரவு வேளைக்கு 'சு' என்று பெயர். 'ஜியாவ்' என்றால் சேர்வது, மாறுவது. பழைய ஆண்டும் புது ஆண்டும் கை மாற்றிக்கொள்கிற வேளையின் பெயரும் இந்தப் பண்டத்தின் பெயரும் ஒரே ஓசையில் வருவதால் அந்த நேரத்தில் இதைச் சாப்பிடுவது விசேஷம். வடிவம் அந்தக் காலத்து வெள்ளிப் பாளம் மாதிரி இருப்பதால் செல்வத்துக்கு அடையாளம். ஏதோ ஒன்றுக்குள் மட்டும் ஒரு காசை மறைத்து வைப்பார்கள். யார் பல்லில் அது படுகிறதோ அவருக்கு அந்த ஆண்டு யோகம். பல் போய்விடும் என்று இப்போது காசுக்குப் பதில் வேர்க்கடலை, மிட்டாய் வைக்கிறவர்களும் உண்டு.

குளிர்காலத்தில் மிக நீண்ட இரவு வரும் நாளிலும், அதாவது டிசம்பர் 21, 22 வாக்கில், வடக்கே ஜியாவ்சுதான். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். பிற்கால ஹான் அரசர்கள் காலத்தில், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்னால், ஜாங் ஜோங்ஜிங் என்று ஒரு பெரிய வைத்தியர் இருந்தார். சீன மருத்துவத்தின் ஆதார நூல்களில் ஒன்று அவருடையது. ஊர் ஏழைகளின் காதுகள் பனியில் வெடித்துப் புண்ணாகியிருப்பதைப் பார்த்து, ஆட்டிறைச்சியையும் உடம்புக்குச் சூடு தரும் மருந்துச் சரக்குகளையும் வேகவைத்து நறுக்கி, மாவில் காது வடிவத்தில் பொதிந்து, சூப்போடு கொடுத்தாராம். கதைதான். ஆனால் அன்றைக்கு ஜியாவ்சு சாப்பிடாவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும் என்று இன்றைக்கும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். பாட்டிமார் எல்லா ஊரிலும் ஒரே ரகம்.

கதை வேண்டாம், ஆதாரம் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு அதுவும் உண்டு. சீனாவின் மேற்குக் கோடியில், பாலைவனத்தின் நடுவே, துர்ஃபான் என்ற ஊருக்குப் பக்கத்தில் அஸ்தானா கல்லறைகள் இருக்கின்றன. அங்கே டாங் அரசர்கள் காலத்துக் (618–907) கல்லறை ஒன்றில், கிண்ணத்தில் வைத்த ஜியாவ்சு அப்படியே கிடைத்தது. ஈரமே இல்லாத மணலில் காய்ந்து, அதே பிறை வடிவத்தில் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இறந்துபோன உறவினருக்கு யாரோ வைத்த சாப்பாடு.

அந்தக் கல்லறைகள் காவ்சாங் என்ற பழைய நகரத்து ஜனங்களுடையவை. இங்கேதான் நமக்கும் ஒரு நூல் இழை இருக்கிறது. வகுப்பில் நான் நடத்திய யுவான் சுவாங் நினைவிருக்கிறதா? காஞ்சிபுரம் வரைக்கும் வந்த சீனத் துறவி. அவர் இந்தியாவுக்கு வருகிற வழியில், 630-ஐ ஒட்டி, அந்தக் காவ்சாங்கில் தங்கினார். அரசர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். துறவி சாப்பிட மறுத்துப் பட்டினி கிடந்துதான் விடைபெற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அவர் கொண்டுபோன ஏடுகளைப் பாதுகாக்க 652-ல் கட்டிய கோபுரம் சியானில் நிற்கிறது. உங்கள் டூர் பட்டியலில் 'பெரிய காட்டு வாத்து பகோடா' என்று இருக்கும்.

அந்த யுவான் சுவாங் நம் நாட்டுச் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இங்குள்ளவர்கள் சாப்பிடுவதற்கு முன் கை கால் கழுவிச் சுத்தம் பார்க்கிறார்கள், மீந்ததை மறுபடி பரிமாறுவதில்லை, மண் பாத்திரத்தை ஒரு தடவைக்கு மேல் புழங்குவதில்லை, கரண்டியோ குச்சியோ இல்லாமல் விரலால் பிசைந்து சாப்பிடுகிறார்கள், நோயாளிக்கு மட்டும் செம்புக் கரண்டி என்று. குச்சியால் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். கையால் பிசைவதைப் பார்த்து முகம் சுளித்திருக்கலாம். ஒரு கேலி வார்த்தை இல்லை. பார்த்ததை எழுதினார். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து, கையில் ஸ்மார்ட்போன் வைத்துக்கொண்டு, பாம்பு பல்லி என்று நாம் சிரிக்கிறோம். வரலாறு நடத்தியவன் என்கிற முறையில் எனக்கு அது சங்கடமாக இருக்கிறது.

பெய்ஜிங்கில் வாங்ஃபூஜிங் கடைத்தெருவில் தேளைக் குச்சியில் குத்தி வைத்திருக்கும் போட்டோ உங்கள் எல்லார் போனிலும் இருக்கும். அது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை. அதை வைத்து அவர்கள் வீட்டு அடுப்பை எடை போடக் கூடாது. தெற்கே குவாங்தோங்கில் 2020-க்கு முன்பு பாம்பு சூப் வழக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சாதாரண வட சீனக் குடும்பம் மாவுக்குள் வைப்பது முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும். இல்லாவிட்டால் ஆட்டிறைச்சியும் கேரட்டும். அதுவும் இல்லாவிட்டால் வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் ஒரு கீரையும் முட்டையும்.

இப்போது எப்படிச் சாப்பிடுவது என்று சொல்கிறேன்.

பழைய பாணிக் கடைகளில் எண்ணிக்கையில் கேட்க மாட்டார்கள், எடையில் கேட்பார்கள். ஒரு 'லியாங்' என்றால் 50 கிராம். அதுவும் மாவின் எடை. ஒரு லியாங்குக்கு ஏறக்குறைய ஐந்தாறு வரும். ஒரு ஆளுக்கு மூன்று லியாங் போதும். தண்ணீரில் வேகவைத்தது, ஆவியில் வைத்தது, வாணலியில் ஒரு பக்கம் மட்டும் மொறுமொறுவென்று சுட்டது என்று மூன்று வகை. முதல் தடவை தண்ணீரில் வெந்ததையே கேளுங்கள். மாவின் குணம் அதில்தான் தெரியும்.

மேஜையில் கறுப்பாக ஒரு ஜாடி இருக்கும். சோயா சாஸ் என்று நினைத்து ஊற்றுவார்கள் நம் ஆட்கள். பெரும்பாலும் அது வினிகர். ஷான்சி மாகாணத்தில் சோளத்தில் செய்து ஆண்டுக்கணக்கில் ஊறவைப்பது ஒன்று, கிழக்கே ஜென்ஜியாங்கில் ஒட்டும் அரிசியில் செய்வது இன்னொன்று. நம் கடையில் விற்கிற வெள்ளை வினிகரை நினைத்துப் பயப்பட வேண்டாம். இதில் புளிப்போடு ஒரு இனிப்பும் மணமும் இருக்கும். சின்னத் தட்டில் ஊற்றி, மிளகாய் எண்ணெய் கொஞ்சம் சேர்த்துத் தொட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மேஜைக்காரர் பச்சைப் பூண்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார். நீங்களும் கேட்டால் தருவார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் ஜியாவ்சு வெந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் தருவார்கள். அதை வாங்கிக் குடியுங்கள். எந்தத் தண்ணீரில் வெந்ததோ அந்தத் தண்ணீரே அதைச் செரிக்க வைக்கும் என்பது அவர்கள் வழக்கு. எங்கள் நாலு பேரில் அந்தக் கிண்ணத்தை முதலில் எடுத்தது உங்கள் டீச்சரம்மாதான். ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம வடிகஞ்சிதானே, உப்புதான் போடல" என்றார். ஒன்பது நாளில் அவர் முகம் மலர்ந்து சாப்பிட்ட ஒரே சாப்பாடு அது. இத்தனைக்கும் அவர் சுத்த சைவம்.

ஆமாம், சைவக்காரர்களுக்கும் இது முடியும். ஆனால் விவரம் தெரிந்து போக வேண்டும். 'சூ' என்றால் சைவம். ஆனால் அங்கே பல பேர் முட்டையையும் சைவத்தில் சேர்த்துவிடுவார்கள். கீரையும் முட்டையும் வைத்ததில் பொடி இறால் காய்ந்தது கலந்திருக்கலாம். அதனால் 'இறைச்சி, மீன், இறால், முட்டை எதுவும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம்' என்று சீன மொழியில் எழுதி போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். கேரட், காளான், டோஃபு, கண்ணாடி சேமியா வைத்தது கிடைக்கும். வேகவைக்கும் பானை பொதுவாக ஒன்றுதான். அது மனசுக்கு ஒவ்வாதவர்கள் பௌத்தக் கோயிலை ஒட்டிய சைவ உணவகத்துக்குப் போங்கள். ஷாங்காயில் மரகத புத்தர் கோயிலிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. கட்டுப்பாடான பௌத்த சமையலில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். நம் வீட்டில் அந்த நியமம் பார்க்கிற பெரியவர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். இஸ்லாமியப் பிள்ளைகள் 'சிங்ஜென்' என்ற பலகையைத் தேடுங்கள், ஹலால் என்று அர்த்தம். சியானில் ஹுய் முஸ்லிம்களின் தெரு முழுக்கவே அப்படித்தான். ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் வைத்தவை அங்கே பிரமாதம்.

ஷாங்காய்க்குப் போனால் ஜியாவ்சுவின் தம்பி ஒன்று இருக்கிறது, சியாவ்லோங்பாவ். நகரத்தின் புறத்தில் உள்ள நான்சியாங்தான் இதற்குப் பேர்போன ஊர். மூங்கில் தட்டில் ஆவியில் வரும். உள்ளே இறைச்சியோடு சூப்பும் இருக்கும். சூப் எப்படி உள்ளே போனது? பன்றித் தோலை நெடுநேரம் காய்ச்சி ஆறவைத்தால் ஜெல்லி மாதிரி உறையும். அதை நறுக்கிப் பூரணத்தோடு வைத்து மூடுகிறார்கள். ஆவியில் அது உருகிச் சூப்பாகிறது. அப்படியே வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். மெல்லத் தூக்கு, மெதுவாக நகர்த்து, முதலில் ஜன்னலைத் திற, பிறகு சூப்பைக் குடி என்று அதற்கு ஒரு வாய்ப்பாடே சொல்கிறார்கள். ஜன்னல் என்றால் ஓரத்தில் ஒரு சின்னக் கடி.

தெற்கே குவாங்சோவில் இறங்குகிறவர்களுக்குக் காலைத் தேநீரோடு வரும் வகைகள். மாவு கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கும் இறால் ரோஜா நிறத்தில் வெளியே தெரியும். யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டுங்கள். நன்றி என்று அர்த்தம். இன்னும் தேநீர் வேண்டுமென்றால் கெட்டில் மூடியைத் திறந்து வையுங்கள், கூப்பிடாமலே வந்து வெந்நீர் ஊற்றுவார்கள்.

"உப்பு உறைப்பு இல்லாமல் சப்பென்று இருக்கும் சார்" என்று போய்வந்த ஒருவர் எழுதியிருந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இட்லியைச் சட்னி சாம்பார் தொடாமல் கடித்துவிட்டு அதையே சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "அதைச் சாப்பிடுகிற முறை அதுவல்ல ஐயா" என்போம். அந்த மரியாதையை அவர்களுக்கும் கொடுங்கள். சாப்பிட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் நாக்கின் தீர்ப்பு, அதில் குற்றமே இல்லை. சாப்பிடாமலே சொல்கிற தீர்ப்பைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடம்புக்கு ஆகாதவர்கள், விரதம் இருக்கிறவர்கள், நெறி காரணமாகத் தொடாதவர்கள் எல்லாருக்கும் என் மரியாதை எப்போதும் உண்டு. வேண்டாம் என்பது வேறு, சீ என்பது வேறு.

உறவினர் ஒருவர் கேட்டார், "எல்லையில் நம் பையன்களைக் கொன்றவர்கள் ஊர்ச் சோற்றையா?" இது லேசான கேள்வி இல்லை. 2020 ஜூனில் கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். அதில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்தக் கோபத்தில் போகவே மாட்டேன் என்கிறவரை நான் வற்புறுத்த மாட்டேன், அது ஒரு நிலைப்பாடு. ஆனால் விசா வாங்கி, விமானம் ஏறி, ஹோட்டலில் தூங்கி, கடைத்தெருவில் பை பையாகச் சாமான் வாங்கிவிட்டு, மாவு தேய்க்கிற அந்தப் பெண்மணியிடம் மட்டும் கோபத்தைக் காட்டுவது நியாயமாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். என்னிடம் படித்தவர்களுக்கு நம் பள்ளியின் மதிய மணி நினைவிருக்கும். டிபன் பாக்ஸ் திறக்கிற நேரம். கருவாடு கொண்டுவந்த பிள்ளை, மாட்டுக்கறி கொண்டுவந்த பிள்ளை, பழைய சோறு கொண்டுவந்த பிள்ளை மூடியைப் பாதிதான் திறக்கும். மீதி மூடியால் மறைத்துக்கொண்டு குனிந்து சாப்பிடும். பக்கத்தில் மூக்கைப் பொத்திச் சிரிக்கிற கூட்டம். நாங்கள் ஆசிரியர்கள் எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பழக்கத்தை முழுசாக மாற்ற முடிந்ததில்லை. இன்றைக்கு இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் மூக்கைப் பொத்தியவர்களும் இருக்கிறீர்கள், மூடியால் மறைத்தவர்களும் இருக்கிறீர்கள். மறைத்தவர்களில் இரண்டு பேர் போன வாரம் அந்தப் பல்லி ஜோக்குக்குச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்ததைப் பார்த்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். கோபமும் இல்லை. யோசித்துப் பாருங்கள்.

அடுத்தவர் சாப்பாட்டைப் பார்த்துச் சிரிப்பது சீனாவில் ஆரம்பிப்பதில்லை, பக்கத்து பெஞ்சில் ஆரம்பிக்கிறது. அதை விடுவதற்கு ஒரு நல்ல இடம் அவர்கள் பந்தி.

ஆகவே கிளம்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள். டூர் கம்பெனியிடம் முன்பே பேசி, ஒரு ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலைந்து பேராகப் போங்கள். கூட்டமாக இருக்கிற, உள்ளூர் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற கடையாகப் பாருங்கள். சாதாரணக் கடையில் ஒரு தட்டு 20, 30 யுவானுக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் போனில்தான் பணம் கட்டுகிறார்கள், கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மாவு தேய்ப்பதை நின்று பார்க்கச் சொல்லுங்கள். புளிக்காய்ச்சல் பெட்டியிலேயே இருக்கட்டும், மறுநாளைக்கு ஆகும்.

வட சீனாவில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஜியாவ்சு செய்து போட்டு அனுப்புவார்கள். வந்து இறங்குகிறவர்களுக்கு நூடுல்ஸ். நம் வீடுகளில் அது நடக்காது. நீங்கள் போய் இறங்கியே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எத்தனை இடம் பார்த்தீர்கள் என்று எழுத வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.

எல்லாரும் நல்லபடியாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்